நூறு கோடியில் மீதி ஏழு

மீகஸ்தென்ன தோட்டம், கீழ்ப்பிரிவு,
யட்டியாந்தோட்டை.
26.05.2024

அன்புள்ள பளீலா,

நான் நலம். நீயும் ரிப்கானும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். நலம் விசாரிப்பு இதோடு முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே பதினோரு நாளாக மழை. இறப்பர் மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. காலையில் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று ஆள் கணக்குக்கு அவரவர் நம்பரைச் சொல்லுகிறோம். அழகமுத்து கங்காணி வானத்தைப் பார்க்கிறார், நாங்கள் கங்காணியைப் பார்க்கிறோம். பிறகு நாற்பத்தொரு பேரும் பால் கொட்டிலில் போய் உட்கார்ந்து ஊர் வம்பு பேசுகிறோம். வம்பும் தீர்ந்துபோன ஒரு நாளில்தான் கேகாலையிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்தார். ஆகஸ்டில் மாவட்டக் கணித விழா, பொதுமக்களும் பங்குபற்றலாம் என்றார். எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "உங்க தோட்டத்தில இருந்து நல்ல கும்மி ஒன்று வையுங்களேன்" என்றார்.

எங்கள் கும்மிக்கு என்ன குறை? யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் எங்களை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் கணித விழாவில் ஊரெல்லாம் கணக்கு வைக்கும்போது நாங்கள் மட்டும் கை தட்டிச் சுற்றிவர வேண்டுமா? எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நாங்க கணக்குதாங்க வைப்போம்" என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகுதான் எந்தக் கணக்கு என்ற யோசனையே வந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும். உயர்தர வகுப்பில், கணிதப் பிரிவில் நாம் இரண்டு பேர் மட்டுமே பெண்கள். பின்வாங்கில் உட்கார்ந்து 31, 331, 3331 என்று எழுதிப் பார்த்தோமே. எல்லாம் முதன்மை எண்கள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாதவை. 3333331 வரை இரண்டு பேருமாகச் சரி பார்த்தோம். பிறகு பரீட்சை வந்தது. நீ பல்கலைக்கழகம் போனாய். எனக்கு இசட் புள்ளியில் மயிரிழை குறைந்தது, நான் பால் வெட்டும் கத்தியை எடுத்தேன். ஆனால் எண்ணை விடவில்லை. 33333331-ஐ மூன்று மழைக் காலத்தில் தனியாக உட்கார்ந்து முடித்தேன். அதுவும் முதன்மை எண்தான். இதை உனக்குக்கூட இதுவரை சொன்னதில்லை.

இப்போது அடுத்தது. 333333331. எட்டு மூன்றும் கடைசியில் ஒரு ஒன்றும். முப்பத்து மூன்று கோடியே முப்பத்து மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்று. மேடையில் வாசித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

இது வகுபடும் என்றால் வகுக்கும் எண்களில் சின்னது 18257-ஐத் தாண்டாது. அதற்குள் இருக்கும் முதன்மை எண்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். ஒருத்தியால் ஆகாது. நாற்பத்தொரு பேரால் ஆகும். யாருடைய பெரட்டு நம்பர் முதன்மை எண்ணோ, அவர் முதலில் தன் நம்பராலேயே வகுக்க வேண்டும், ராசிக்கு. நான் இருபத்தொன்பது, ஜெயம்மா அக்கா மூன்று. நாற்பத்து மூன்றிலிருந்து மேலே உள்ளவற்றை மரம் பிரித்துக் கொடுக்கிற மாதிரி வரிசையாகப் பிரித்துவிட்டேன்.

ஒரு சூட்சுமமும் கண்டுபிடித்தேன். இந்த எண்ணை மூன்றால் பெருக்கி ஏழைக் கூட்டினால் சரியாக நூறு கோடி. ஆகவே மூன்றுகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஏழுக்கு மேற்பட்ட எந்த எண்ணாலும் நூறு கோடியை வகு. மீதி ஏழு வந்தால் நம் எண் செத்தது. வேறெது வந்தாலும் பிழைத்தது. ஒன்றுக்குப் பின்னால் ஒன்பது பூச்சியம், வகுக்கச் சுகமாக இருக்கிறது. ஜெயம்மா அக்கா நாலாம் வகுப்போடு நின்றவர். அவரே இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு வேண்டுதல். நீ இதைப் போனிலோ கம்ப்யூட்டரிலோ பார்க்கக் கூடாது. ஒரு நொடியில் சொல்லிவிடும் என்று எனக்கும் தெரியும். போன் சொன்னால் அது போனுடைய விடை. எங்களுக்கு எங்களுடைய விடை வேண்டும். பார்க்க மாட்டேன் என்று எழுதி அனுப்பு.

வழக்கம்போல வியாழக்கிழமை ரிப்கான் சாமான் லொறியோடு வரும்போது பதிலைக் கொடுத்துவிடு. இதையெல்லாம் போனில் எழுதப் போனால் விரல் தேய்ந்துவிடும்.

லதா

*

மாவனல்லை
29.05.2024

அன்பின் லதா,

அஸ்ஸலாமு அலைக்கும் என்று எழுதினால் நீ வணக்கம் என்று திருப்பி எழுதுவாய். வைத்துக்கொள்.

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். பால் பொங்கி வழிந்தது. 33333331-ஐத் தனியாகச் செய்தாயா? அது எழுநூற்றுக்கு மேற்பட்ட வகுத்தல் அல்லவா? பதினான்கு வருடமாகக் கணிதம் படித்துக்கொடுக்கிற நான் ஒரு மழைக் காலத்தில்கூட அப்படி உட்கார்ந்ததில்லை. பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. மறைக்க மாட்டேன். நூறு கோடிச் சூட்சுமத்தை இன்று பதினோராம் வகுப்பில் உன் பெயரைச் சொல்லியே காட்டினேன். ஒரு பிள்ளை, "டீச்சர், அவங்க எந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேட்டாள். பால் கொட்டில் என்று சொன்னேன்.

நீ கேட்டபடி எழுதுகிறேன். பார்க்க மாட்டேன்.

ஒரே ஒரு சொல். பெரிய எண்களுக்கு ஓடுவதற்கு முன் சின்ன எண்கள் எல்லாவற்றையும் நீயே உன் கையால் ஒருமுறை போட்டுப் பார். சின்னவைதான் பெரும்பாலும் கழுத்தை அறுக்கும். எனக்கு வேறொன்றும் தெரியாது. பொதுவாகச் சொல்கிறேன்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். விழாவின் நடுவர் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள்.

பளீலா

*

மீகஸ்தென்ன
16.06.2024

பளீலா,

நாளைக்கு உங்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாள். வாழ்த்து. வட்டிலாப்பத்தை ரிப்கான் கையில் கொடுத்துவிடு, வழியில் அவர் தின்னாமல் பார்த்துக்கொள்.

இனிச் சண்டை. சின்ன எண்களை நீயே போட்டுப் பார் என்றால் என்ன அர்த்தம்? பெரிய வகுத்தலைத் தொட்ட எங்களுக்குச் சின்ன வகுத்தல் வராது என்றா? நாற்பத்திரண்டு வரைக்கும் உள்ளவற்றை முதல் நாளே முடித்துவிட்டோம். அவரவர் நம்பரை அவரவர் செய்தார்கள். அடுத்தவர் சரி பார்த்தார். எங்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது: ஒவ்வொரு வகுத்தலுக்கும் இரண்டு கை. ஒரு கை போட்டதை இன்னொரு கை பார்க்காமல் மறுபடி போட வேண்டும். இரண்டு மீதியும் ஒத்துப்போனால்தான் கொப்பியில் ஏறும். நான் மட்டும் மேலே உட்கார்ந்து எல்லாருடையதையும் திருப்பிப் போட்டால் அவர்கள் மூஞ்சியில் எப்படி முழிப்பேன்? டீச்சர் வேலையைப் பள்ளிக்கூடத்தோடு வைத்துக்கொள்.

மழை விட்டு, வெட்டு தொடங்கிவிட்டது. ஆனாலும் கணக்கு நிற்கவில்லை. மரத்தை வெட்டி முடித்துப் பால் சிரட்டையில் சொட்டி நிறையும் வரைக்கும் எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் சும்மா இருக்கும். முன்பெல்லாம் வெற்றிலைக்குப் போன நேரம் அது. இப்போது மரத்தடிக்கு மரத்தடி கொப்பி. யார் யாரைக் கண்டாலும் "ஏழு வந்துச்சா?" என்பதுதான் பேச்சு. கங்காணிகூடக் கேட்கிறார். அவருக்கு ஏழு வந்தால் நல்லதா கெட்டதா என்பது இன்னும் பிடிபடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு கூத்து. ஷாமிளா 1009-ஆல் வகுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று "அக்கா, ஏழு" என்றாள். அவ்வளவுதான், அந்த மலையே அடங்கிப்போனது. அவள் அழவே தொடங்கிவிட்டாள், தானே எண்ணைக் கொன்றுவிட்ட மாதிரி. ஜெயம்மா அக்கா அவள் கையிலிருந்து பென்சிலை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, ஒவ்வொரு வரியாகப் போட்டார். இருபது நிமிடம். "இருநூத்தி எம்பது வருது புள்ள. நடுவுல ஒரு பூச்சியத்த முழுங்கிட்ட" என்றார். மூன்றாவதாக நானும் போட்டேன். இருநூற்றெண்பதுதான். அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். தீபாவளிக்குக்கூட எங்கள் பிரிவில் அப்படிக் கத்தியதில்லை.

இவர்களைப் பார்த்துத்தான் சின்ன எண்ணைப் பற்றிச் சொல்கிறாய்.

லதா

*

மாவனல்லை
19.06.2024

லதா,

கோபிக்காதே. வட்டிலாப்பம் பெரிய கிண்ணத்தில் அனுப்புகிறேன், நாற்பத்தொரு பேருக்கும் ஆளுக்கு ஒரு துண்டாவது வரும்.

உங்கள் கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டு கைச் சட்டம் பெரிய சட்டம். ஆராய்ச்சிக்காரர்களே இவ்வளவு கவனமாக இருப்பதில்லை. ஷாமிளாவிடம் சொல், பூச்சியத்தை விழுங்காத கணிதக்காரர் உலகத்தில் இல்லை.

நூறுக்குள் இருக்கும் முதன்மை எண்கள் இருபத்தைந்து. உங்கள் கொப்பியில் இருபத்தைந்தும் இருக்கின்றனவா என்று மட்டும் எண்ணிப் பார்க்கிறாயா? எண்ணுவதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லையே.

இதற்கு மேல் எழுதினால் நீ என்னோடு பேச மாட்டாய். நிறுத்திக்கொள்கிறேன்.

பளீலா

*

மீகஸ்தென்ன
04.08.2024

பளீலா,

முடிந்தது!

நேற்றுச் சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, 18257-ஆல் வகுத்த கடைசிக் கணக்கை இரண்டாவது கை முடித்தது. ஏழு இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் வகுத்தல், இரண்டு இரண்டு தடவை, எண்பது பக்கக் கொப்பி முப்பத்தாறு. எங்கேயும் ஏழு இல்லை. 333333331 முதன்மை எண்.

உன் போன கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று வருந்தியிருப்பாய். வேண்டுமென்றேதான் போடவில்லை. எண்ணிப் பார் என்றாயே, எண்ணவும் இல்லை. பிரித்துக் கொடுத்தது நான். நான் பிரித்ததில் பிசகிருக்காது.

கங்காணி தன் செலவில் பதாகை எழுதிக் கொடுத்தார். நீலத் துணியில் வெள்ளை எழுத்து, எண் மட்டும் ஆளுயரம். கீழே நாற்பத்தொரு பெயர். இருபத்து நான்காம் தேதி பஸ் பிடித்து எல்லோரும் வருகிறோம். கலியாணத்துக்குக் கட்டுகிற சேலைகள் வெளியே வந்துவிட்டன. ஜெயம்மா அக்கா எண்ணைப் பாராமல் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறார். லயத்து வீட்டு வரிசையில் நடந்துகொண்டே "முப்பத்து மூணு கோடியே" என்று தொடங்கினால் முடிவதற்குள் குழாயடி வந்துவிடுகிறது.

நீ நடுவர் வரிசையில் இருக்கப் போகிறாய். எனக்காக ஒன்றும் பேச வேண்டாம். பேசுவதற்கு எண் இருக்கிறது.

லதா

*

மாவனல்லை
27.08.2024

லதா,

போன் எடுக்கிறாய் இல்லை. வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டாய். ஆகவே இது.

அன்று நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்லாமல் என்னால் மன்னிப்புக் கேட்கவும் முடியவில்லை. ஜெயம்மா அக்கா அந்த எண்ணை ஒரே மூச்சில் சொன்னபோது மண்டபம் கை தட்டியது. பிறகு என் பக்கத்தில் இருந்த நடுவர் போனை எடுத்துத் தட்டினார். அரை நிமிடமும் ஆகவில்லை. "பதினேழால பிரியுதே, தங்கச்சி" என்றார் ஒலிபெருக்கியில். "பதினேழு தர ஒரு கோடியே தொண்ணூற்றாறு லட்சத்து ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று" என்று விடையையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டாரா? "கும்மி ஏதாச்சும் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார்.

நீங்கள் பதாகையைச் சுருட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் போனீர்கள். ஒருத்தரும் தலை குனியவில்லை. கடைசியாகப் போன நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அதிர்ச்சி இல்லை. அதைத்தான் நீ பார்த்தாய்.

ஆம், எனக்குத் தெரியும். மே மாதத்திலிருந்தே தெரியும். உன் முதல் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதே, அந்த எண் வந்த வரியில், ஆசை தாங்காமல் போனை எடுத்துப் பார்த்துவிட்டேன். பதினேழு என்று வந்தது. அதற்குப் பிறகுதான் கீழே, பார்க்காதே என்ற வரிக்கு வந்தேன். பார்க்க மாட்டேன் என்று எழுதினேன். ஏற்கெனவே பார்த்தவள் இனிப் பார்க்க மாட்டேன் என்று எழுதினால் அது எழுத்தில் உண்மை. மனதில் அது பொய் என்று எனக்கு எழுதும்போதே தெரியும்.

பதினேழுதானே, முதல் நாளே யாருக்காவது ஏழு வந்துவிடும், நான் சொல்லாமலே முடிந்துவிடும் என்று நம்பினேன். ஒவ்வொரு வியாழனும் ரிப்கானின் லொறிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடுவேன். வரவேயில்லை. பெரிய பெரிய எண்களையெல்லாம் பிழையில்லாமல் வகுத்தவர்கள் பதினேழை எப்படி விட்டீர்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என்னை மன்னித்துவிடு.

பளீலா

*

மாவனல்லை
12.09.2024

லதா,

ரிப்கானிடம் கொடுத்த கடிதம் உடைக்காமல் திரும்பி வந்தது. "லதா எடுக்க மாட்டேன்டு செல்லிட்டா" என்று மேசையில் வைத்துவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் உன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது போல.

அதே கடிதத்தை இதற்குள் வைத்துத் தபாலில் அனுப்புகிறேன். தபால்காரரைத் திருப்பி அனுப்ப உனக்கு மனம் வராது. திட்டியாவது எழுது.

பளீலா

*

மீகஸ்தென்ன
29.09.2024

பளீலா,

இரண்டு கடிதமும் படித்தேன். திட்டத்தான் உட்கார்ந்தேன். திட்டுகிறேன்.

மூன்று மாதம். என் நாற்பது பேர் மரத்தடியில் குந்தியிருந்து கொசுக்கடியில் வகுத்துக்கொண்டிருந்த மூன்று மாதமும் உன் கையில் விடை இருந்தது. வட்டிலாப்பம் அனுப்பினாய், விடையை அனுப்பவில்லை. பொய் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தால், "லதா, தெரியாமல் பார்த்துவிட்டேன்" என்று ஒரு வரி. நான் இரண்டு நாள் குதித்திருப்பேன். மூன்றாம் நாள் அடங்கியிருப்பேன். அந்த மண்டபத்தில் ஜெயம்மா அக்காவின் வாயிலிருந்து அந்த எண் வந்து முடிந்ததும் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பை நீ தடுத்திருக்கலாம். இதை எப்போதும் உன்னிடம் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். கிழவியானாலும் சொல்வேன்.

பதினேழை எப்படி விட்டீர்கள் என்று கேட்டாய் அல்லவா? எங்களுக்கும் பஸ் ஏறும்வரை விளங்கவில்லை. பதாகை நடுவில் சுருண்டு கிடந்தது. என்னால் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிரித்துக் கொடுத்தது நான், பிசகிருக்காது என்று பீற்றிக்கொண்டதும் நான். கேகாலை தாண்டியதும் பின்னாலிருந்து ஜெயம்மா அக்கா கேட்டார்:

"ஏம்புள்ள, பதினேழு யாரோட நம்பரு?"

பதினாறு முன்சீட்டில் இருந்தாள், பதினெட்டு அவளுக்குப் பக்கத்தில். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

எங்கள் பெரட்டில் பதினேழு இல்லை, பளீலா. அவரவர் வெட்டும் மலைத் துண்டின் நம்பர்தான் அவரவர் பெரட்டு நம்பர்; அதில் பதினேழாம் நம்பர் மலை முனியப்பன் சாமிக்கு விட்டது. அங்கே எந்த மரத்திலும் கத்தி வைப்பதில்லை. அதனால் அந்த நம்பரையே ஆளுக்குக் கொடுப்பதில்லை. கங்காணி பதினாறு என்று கூப்பிட்டுவிட்டு மூச்சு விடாமல் பதினெட்டுக்குப் போவார். நாற்பத்திரண்டு வரை நம்பர் உண்டு, ஆனால் நாங்கள் நாற்பத்தொரு பேர். அவரவர் நம்பரால் வகுங்கள் என்று நான் சொன்னபோது, பதினேழால் வகுக்க ஆளே இல்லை. பிறந்ததிலிருந்து இல்லாத நம்பர், இல்லை என்பதே எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. நீ எண்ணிப் பார் என்றாய். எண்ணியிருந்தால் இருபத்து நான்குதான் வந்திருக்கும். என் திமிர் எண்ணவிடவில்லை. உன் பிழை உன்னுடையது. இது என்னுடையது, இதை உன் தலையில் போட மாட்டேன்.

"அப்ப அந்த நம்பர முனியப்பன்ல ஒடச்சிருக்காரு. அந்த மனுசன் போன தட்டுனா மட்டும் ஆயிருமா" என்றார் ஜெயம்மா அக்கா. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு பஸ்ஸே சிரித்தது. கரவனல்லைப் பாலம் வரும்வரை சிரித்தோம். டிரைவர் மஹத்தயா என்ன விஷயமென்று தெரியாமல், "மொகத, மொகத?" என்று திரும்பித் திரும்பிக் கேட்டார். சிங்களத்தில் சொல்லப் பார்த்து எங்களால் முடியவில்லை.

சிரித்து முடித்தாலும் எனக்குள் அது அடங்கவில்லை. முப்பத்தாறு கொப்பி. அடுப்புக்குப் போடுவதா? மூன்று நாள் கொப்பிகளைப் பார்க்கவே கூடாது என்று இருந்தேன். நாலாம் நாள் மரத்தடியில், பால் சொட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த நடுவர் வாசித்த விடை தானாக ஞாபகத்துக்கு வந்தது. 19607843. அவர் எங்களைக் கேவலப்படுத்த நிறுத்தி நிறுத்தி வாசித்த எண்.

கவனமாகப் படி, பளீலா. அந்த எண்ணை ஏதாவது ஒரு முதன்மை எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள். அப்படியானால் அதே எண் 333333331-ஐயும் வகுத்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இது அதற்குள் இருக்கிறது. அப்படி ஒன்று இருந்திருந்தால் எங்களில் யாராவது ஒருத்திக்கு ஏழு வந்திருக்கும். வரவில்லை! இரண்டாயிரத்துச் சொச்சம் தடவையும், இரண்டு கையிலும் வரவில்லை. இந்த எண்ணுக்கு 4428 வரை பார்த்தாலே போதும். நாங்கள் பதினெட்டாயிரம் தாண்டிப் போயிருக்கிறோம்.

நாற்பத்தொரு பேருடைய கணக்கில் ஒரு கணக்குக்கூடப் பிழையில்லை. ஒரு பக்கம்கூட வீணில்லை. நாங்கள் ஒரு எண்ணை நிறுவப் போய் வேறொரு எண்ணை நிறுவிவிட்டோம், அவ்வளவுதான். கொட்டிலில் இதைச் சொன்னபோது ஷாமிளா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப ஆயிரத்தி ஒம்பது செல்லுமாக்கா?" என்று கேட்டாள். செல்லும் என்றேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். என் ஆயுளில் அவ்வளவு பெருமையாக நான் எந்தப் பதிலும் சொன்னதில்லை.

நிறுவிவிட்டோம் என்று எழுதிவிட்டேன், ஆனால் ஒரு ஓட்டை பாக்கி. பதினேழு. அது பெரிய எண்ணுக்குள் ஒரு தடவை இருக்கிறது என்று தெரிந்தது. இரண்டாம் தடவையும் இருந்தால், 19607843-உம் உடைந்துவிடும். ஒரே ஒரு வகுத்தல் போட்டால் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. என் கை பென்சில் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. நானும் போட மாட்டேன், எங்கள் பிரிவில் ஒருத்தியும் போட மாட்டாள். பதினேழு எங்களுக்குக் கொடுக்கப்படாத நம்பர். போனில் பார்ப்பது பழைய சட்டப்படி இல்லை.

ஆகவே எல்லோரும் கூடிப் பேசினோம். "அந்த மாவனல்ல புள்ள போடட்டும். முனியப்பன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார் ஜெயம்மா அக்கா. கொப்பியில் கடைசிப் பக்கத்தை விட்டுவைத்திருக்கிறேன். கையால் போடு. இரண்டு கைச் சட்டம் உனக்கும் உண்டு. இந்தத் தடவை விடை முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அதை உள்ளபடி எழுது.

லதா

*

மாவனல்லை
10.10.2024

லதா,

விடை முன்கூட்டியே தெரியாது. மே மாதம் பதினேழு என்று கண்டதும் போனை வீசிவிட்டேன். மற்றப் பாதியை நான் பார்க்கவேயில்லை. நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் இது உண்மை.

உன் கடிதம் வந்த அன்று பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்து, புர்காவைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு அது. ஆனால் பதினேழு இன்னொரு முறை உள்ளே போய்விட்டால், இரண்டாம் முறையும் உங்களை உடைத்தவள் நான் ஆவேன். ஒவ்வொரு வரிக்கும் பிஸ்மி சொன்னேன்.

17 × 1153402 = 19607834.
19607843 - 19607834 = 9.

மீதி ஒன்பது. பிரியவில்லை, லதா!

இரண்டாவது கை ரிப்கான். சாமான் விலை தவிர வேறெதற்கும் பென்சில் எடுக்காத மனிதர், என் தாளைப் பார்க்காமல் தனியாகப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து போட்டார். திரும்பி வந்து, "ஒம்பது. சரியா?" என்றார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

நேற்று விழாக் குழுவின் கடைசிக் கூட்டம். முடிவு அறிக்கை அச்சுக்குப் போவதற்கு முன் நான் எழுந்தேன். முதலில் மே மாதத்திலிருந்து எனக்கு விடை தெரியும் என்பதையும், தெரிந்தும் நடுவர் வரிசையில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். என்னை அடுத்த வருடக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுக்கட்டும். பிறகு உன் நிறுவலைக் கரும்பலகையில் எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த நடுவர், உனக்குத் தெரியும் யாரென்று, பாதியிலேயே போனை எடுத்துத் தட்டிவிட்டு, "ஓம், முதன்மை எண்தான். போனே சொல்லுதே, இதுக்கு ஏன் இவ்வளவு?" என்றார்.

"போன் இன்றைக்குச் சொல்கிறது, சேர். அவங்களிட கொப்பி ஆகஸ்ட் மாசமே சொல்லிட்டுது. நாங்கதான் வாசிக்காமச் சிரிச்சோம்" என்றேன்.

பிறகு தலைவர், கரும்பலகையில் இருந்ததைத் தன் கையாலேயே அறிக்கையில் எழுதிக்கொண்டார். என் பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டார். நான் ஒரு கணக்குத்தான் போட்டேன், அது பெயருக்குப் போதாது என்று சொல்லிவிட்டேன். அச்சாகப் போவது இதுதான்:

"ஒரு கோடியே தொண்ணூற்றாறு லட்சத்து ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று ஒரு முதன்மை எண். கையால் நிறுவியவர்கள்: மீகஸ்தென்ன தோட்டம், கீழ்ப்பிரிவு, பால் வெட்டுத் தொழிலாளர் நாற்பத்தொருவர்." கீழே பெயர்கள். மூன்றாவது பெயர் ஜெயம்மா. இருபத்தெட்டாவது நீ. பெரட்டு வரிசையிலேயே போடச் சொன்னேன், அப்படித்தானே நீ விரும்புவாய்.

தலைவர் உங்களை நவம்பரில் மண்டபத்துக்கு மறுபடி வரச் சொல்லிக் கடிதம் அனுப்புவார். நிறுவலை நீ கரும்பலகையில் எழுத வேண்டுமாம். கும்மியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இதை ரிப்கானிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். நீ உடைத்துப் படித்து, அந்தக் கடைசிப் பக்கத்தில் ஒன்பது என்று எழுதும் வரைக்கும் லொறியை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் நாள் முழுக்க நிற்பார். நானும் இங்கே வாசலில்தான் இருப்பேன்.

பளீலா